ஊட்டு மேல விழுந்த ஏரோப்ளேன்

ஆத்தா சன்னதியில கூடியிருக்கிற சொந்தங்களுக்கெல்லாம் கும்பிடுங்க. நான் இந்த மலையில குண்டனி நாட்டு வெள்ளையம்மா. நாலு பேர் முன்னால நின்னு பேசிப் பழக்கமில்லீங்க. நடந்ததை நடந்தபடி சொல்றேன், தப்பிருந்தாப் பொறுத்துக்கங்க.

யுத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முந்தின மாசி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை, என் ஊட்டு மேல ஒரு ஏரோப்ளேன் விழுந்துச்சுங்க. ஊட்டுக்குள்ள என் பொண்ணு படுத்திருந்தா.

அதைச் சொல்றதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொல்லணும். மறைச்சா இது சாட்சியாகாது. பொன்னிக்கு அப்புறம் எனக்கு ரெண்டு ஆம்பளைப் புள்ளைங்க பொறந்தாங்க. ரெண்டுமே வருசம் திரும்பறதுக்குள்ள போயிருச்சுங்க. ரெண்டாவதைப் புதைச்சுட்டு வந்த அன்னிக்கு, "இனி உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்"னு ஆத்தாளைப் பார்த்துச் சொன்னேன். மூணு வருசம் மிதிக்கல. ஊட்டுல விளக்கும் வெக்கல. எங்க ஊட்டுக்காரர் தனியாத்தான் கோயிலுக்குப் போயிட்டு வருவாரு. என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. எனக்குன்னு மிச்சம் இருந்தது பொன்னி ஒருத்தி. ஏரோப்ளேன் விழுந்தப்ப அவளுக்கு ஏழு வயசு.

எங்க ஊடு சரிவுல ஒதுக்கமா இருக்கும். மொத்தமே மூணு ஊடு. அன்னிக்குப் பெரக்கரை நாட்டுல ஒரு கல்யாணம். பக்கத்து ரெண்டு ஊட்டுப் பொம்பளைங்களும் புள்ளைங்களும் முந்தின நாளே போயிட்டாங்க. பொன்னிக்குக் காய்ச்சல், அதனால நான் போகல. எங்க ஊட்டுக்காரரும் நாலு ஆம்பளைகளும் விடியறப்பவே மிளகு மூட்டைகளைத் தூக்கிக்கிட்டுக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கிட்டாங்க. கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆளில்லை.

அடுப்புல கூழுக்குத் தண்ணி வெச்சு மாவைக் கரைச்சு ஊத்தினேன். சாமை கொட்டி வெச்ச குதிரோரமாப் பொன்னி சுருண்டு தூங்கினா. நெத்தியத் தொட்டுப் பார்த்தேன், கொதிச்சுது. "கண்ணு, அம்மா ஊத்துக்குப் போய் ஒரு கொடம் தண்ணி கொண்டாரேன்"னு சொல்லிட்டுப் போனேன். அவ கேட்டாளா என்னன்னு தெரியல.

ஊத்துல குனிஞ்சு தண்ணி மொள்ளறப்ப இரைச்சல் கேட்டுச்சு. ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போற பெரிய ஏரோப்ளேனை நாங்க முன்னயும் பார்த்திருக்கோம். தூரமா, ரொம்ப உசரத்துல, வெள்ளிக்காசாட்டம் போகும். அன்னிக்குப் பனிமூட்டம் கலையல. அது மேகத்துக்குள்ள இருந்து ரொம்பத் தாழ்வா வெளிய வந்துச்சு. அதே நேரம் மலைக்கு அந்தப் பக்கமிருந்து மஞ்சளா ஒரு சின்ன ஏரோப்ளேன் ஏறி வந்துச்சு. பசுகிட்டக் கன்னு வராப்பலன்னு நெனச்சேன். அதை ஒரு சந்தோசமாத்தான் பார்த்தேன்.

அப்பறம் ரெண்டும் மோதின சத்தம். பெரிய மரம் முறியற சத்தம்.

பெரியது ஒரு பக்கமாச் சாஞ்சுது. றெக்கையோட முனை மடங்கித் தொங்கினது கண்ணுக்குத் தெரிஞ்சுது. தள்ளாடித் தள்ளாடி மேகத்துக்குள்ள போயிருச்சு. சின்னது சுத்திச் சுத்தி இறங்கிச்சு. மரத்து மண்டைகளை ஒடிச்சுக்கிட்டு வந்து என் ஊட்டுக் கூரை மேல மூக்கைக் குத்தி நின்னுச்சு. கூரை அப்படியே உக்காந்துருச்சுங்க.

கொடத்தை எங்க போட்டேன்னு தெரியல. ஓடினேன்.

சுவரு விழுந்து வாசலே இல்ல. புல்லும் மூங்கிலும் மண்ணும் குவியலாக் கிடந்துச்சு. அதும் மேல அந்த இரும்பு. "பொன்னீ"ன்னு கத்தினேன். உள்ளயிருந்து "அம்மா"ன்னு ஒரு குரல். ஒரே ஒரு தரம். கையக் குடுத்துத் தூக்கிப் பார்த்தேன். தோளைக் குடுத்து முட்டிப் பார்த்தேன். அசையல. பத்து ஆளு சேர்ந்து தூக்கற கனம்.

விளக்கெண்ணெயும் இல்லாம, மண்ணெண்ணெயும் இல்லாம ஒரு வாடை மூக்கை அறுத்துச்சு. சொட்டுச் சொட்டா எதுவோ கூரை மேல வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு.

"யாருங்க அங்க?"ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. திரும்பினேன். மிளகுக் கொடிக்கு அடியில ஒரு இளவட்டம் மல்லாக்கக் கிடந்தாரு. அந்த ஏரோப்ளேனை ஓட்டி வந்தவரு. விழுந்த வேகத்துல வெளிய தூக்கிப் போட்டிருக்குது. நெத்தியெல்லாம் ரத்தம்.

"சாமி, எந்திரிச்சு வாங்க! எம் பொண்ணு உள்ள இருக்கறா, ஒரு கை புடிங்க!"

"எந்திரிக்க முடியலீங்க அக்கா. இடுப்புக்குக் கீழ எதுவும் தெரியல." அப்படிச் சொன்னவரு சட்டுனு கேட்டாரு, "உள்ள அடுப்பு எரியுதுங்களா?"

"கூழு வெச்சிருந்தேங்க."

அவரு மொகம் வெளுத்துப் போச்சு. "அக்கா, வழியறது பெட்ரோலு. நெருப்புப் பட்டா எல்லாம் எரிஞ்சுரும். நீங்க தள்ளி வந்துருங்க."

"எம் பொண்ணு உள்ள இருக்கறான்னு சொல்றேன், தள்ளி வரச் சொல்றீங்களே!"

அவரு கண்ணை மூடிக்கிட்டாரு. அப்பறம், "அப்படின்னா மண்ணை அள்ளிப் போடுங்க. வழியற எடத்துல எல்லாம் போடுங்க"ன்னாரு.

ரெண்டு கையாலயும் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன். நகம் பிஞ்சுது. போடப் போட ஊறி ஊறி வந்துச்சு. நடுநடுவுல பொன்னியக் கூப்பிட்டேன். பதில் இல்ல. எப்ப குப்புனு பத்திக்குமோன்னு ஒவ்வொரு மூச்சுக்கும் பயந்தேன். அந்த அடுப்பை நானேதான் பத்த வெச்சேன். ரெண்டு வெறகு சேர்த்தே வெச்சுட்டுப் போனேன், கூழு சீக்கிரம் வேகட்டும்னு. அதை நெனச்சு நெனச்சு நெஞ்சுல அடிச்சுக்கிட்டேன்.

ஆளைக் கூட்டிவர ஓடலாமா? ஓடினா, அந்த நேரத்துல அவ "அம்மா"ன்னு கூப்பிட்டா? அங்கயே நிக்கலாமா? நின்னு என்ன பண்ணப் போறேன்? ஒரு அடி போவேன், திரும்பி வருவேன். அப்படி எத்தனை தரம் அலைஞ்சேன்னு தெரியலீங்க. கடைசியிலே அந்த மண்ணுலயே உக்காந்துட்டேன்.

அப்பத்தான் வாயில வந்துச்சு, "ஆத்தா"ன்னு.

மூணு வருசம் சொல்லாத பேருங்க. கிடா வெட்டறேன், பொங்கல் வெக்கறேன்னு எதுவும் சொல்ல வரல. அதுக்கெல்லாம் ஒரு தெம்பு வேணும். "ஆத்தா, என்னால முடியல. என்னால ஒண்ணும் முடியல"ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

அந்த இளவட்டம் கேட்டுக்கிட்டே கிடந்தாரு. கொஞ்ச நேரங்கழிச்சு, "அக்கா, பெரிய ப்ளேன் என்னாச்சுன்னு பார்த்தீங்களா?"ன்னு கேட்டாரு.

"மேகத்துக்குள்ள போச்சு."

"விழுந்த சத்தம் கேட்டுச்சுங்களா?"

"எனக்குத் தெரியாது!"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

"அதுல ஏழெட்டுப் பேரு இருப்பாங்க அக்கா. பனிமூட்டத்துல போகாதேன்னு எங்க அம்மா தலையால அடிச்சுக்கிட்டாங்க. நான்தான் கேக்கல. உங்க சாமிகிட்ட அவங்களுக்காகவும் ஒரு வார்த்தை கேளுங்க. எனக்குக் கேக்க மொகமில்ல."

எனக்கு வந்த கோவத்தைச் சொல்லி முடியாது. என் ஊட்டை ஒடச்சவரு, என் பொண்ணு மேல இரும்பைப் போட்டவரு, ஊரான் புள்ளைங்களுக்காக என்னைக் கேக்கச் சொல்றாரு. திட்டணும்னு திரும்பினேன். அவரு தொண்டையில தண்ணியில்லாம நாக்கால உதட்டைத் தடவிக்கிட்டிருந்தாரு. இருந்தாலும் தண்ணி வேணும்னு கேக்கல. தன் காலைப் பத்தி ஒரு பேச்சில்ல. அந்த மேகத்தையே பார்த்துக்கிட்டுக் கிடந்தாரு. அவரும் என்னாட்டமே கையாலாகாமக் கிடக்கறாருன்னு அப்பத்தான் எனக்குப் பட்டுச்சு.

"ஆத்தா, எம் பொண்ணையும் காப்பாத்து, அந்தப் பெரிய ஏரோப்ளேன்ல போறவங்களையும் காப்பாத்து"ன்னு கேட்டேன். மனசோடதான் கேட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். முதல்ல வாய் மட்டுந்தான் கேட்டுச்சு. மூணாவது தரம் சொல்றப்ப எனக்கு அழுகை வந்துச்சு. அது அவங்களுக்காகவும் வந்த அழுகைதாங்க.

எவ்வளவு நேரம் ஆச்சோ. சரிவுக்குக் கீழ, "ஏய் வெள்ளையம்மா!"ன்னு குரல். எங்க ஊட்டுக்காரர்!

அந்நேரம் அவங்க அடிவாரத்துல இருந்திருக்கணும். அங்கிருந்து ஏறி வந்தா உச்சிப்பொழுது தாண்டியிருக்கும். ஆனா பாதி வழியில அவரு மூட்டையோட தையல் பிரிஞ்சு, மிளகெல்லாம் பாறை இடுக்குல கொட்டிருச்சு. அந்த மூட்டையத் தெச்சது நான்தான். அஞ்சு பேரும் உக்காந்து என்னையத் திட்டிக்கிட்டே ஒவ்வொண்ணாப் பொறுக்கியிருக்காங்க. மரம் முறிஞ்ச சத்தம் எங்க ஊட்டுப் பக்கம் கேட்டதும் மிளகை அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருக்காங்க.

அந்த இளவட்டம் கிடந்தபடியே வழி சொன்னாரு. "பந்தம், பீடி எதுவும் கிட்டக் கொண்டு வராதீங்க. வாலுப் பக்கம் மூங்கிலக் குடுத்து நெம்புங்க." அஞ்சு ஆம்பளைகளும் நானும் நெம்பினோம். இரும்பு ஒரு பக்கமாச் சாஞ்சு விழுந்துச்சு. எங்க ஊட்டுக்காரர் புல்லை வாரி வாரி எறிஞ்சாரு.

சாமை நெறஞ்ச குதிரு ஒடையாம நின்னுச்சுங்க. விட்டத்தை அது தாங்கியிருக்குது. அந்த இடுக்குல பொன்னி கிடந்தா. மூச்சு இருந்துச்சு. ஒரு கால் மட்டும் நசுங்கியிருந்துச்சு.

அடுப்பைப் பார்த்தேன். கூரை விழுந்த அதிர்வுல பானை கவுந்து, கூழு மொத்தமும் அடுப்புக்குள்ள ஊத்தியிருந்துச்சு. வெறகு கரியா நனைஞ்சு கிடந்துச்சு. நான் மண்ணள்ளின நேரம், நெஞ்சுல அடிச்சுக்கிட்ட நேரம், அத்தனை நேரமும் அந்த நெருப்பு அணைஞ்சேதான் இருந்திருக்குது. நான் வாயைத் தொறந்து கூப்பிடறதுக்கு முந்தியே ஆத்தா வந்துட்டா.

மூங்கில்ல ரெண்டு டோலி கட்டி ரெண்டு பேரையும் கீழ தூக்கிட்டுப் போனோம். பாதி மலையில, கீழிருந்து ஏறி வந்த ஆளுங்க எதிர்ப்பட்டாங்க. டோலியில இருந்தபடியே அவரு கேட்டாரு, "பெரிய ப்ளேன்?"

"வறண்ட ஏரியில எறங்கிருச்சுங்க. கை கால்ல அடி. எல்லாரும் உசுரோட இருக்காங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தாங்க."

அவரு என் பக்கம் திரும்பினாரு. ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாரு.

சேலத்து ஆஸ்பத்திரியில நாலாம் நாள் அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. பேரு சுந்தரம். என் பொண்ணு பொழைச்சா. அவருக்குன்னு நான் தனியாக் கேக்காம விட்டுட்டேனேன்னு எத்தனையோ நாள் சோறு இறங்கல. ஏன் இப்படின்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்டச் சொல்லவும் மாட்டேன்.

அந்த ஆடியில அவரோட அம்மா மலையேறி வந்தாங்க. டோலி வேணாம்னு நடந்தே வந்தாங்க. "எம் மகன் ரொம்ப வேதனைப்பட்டானா?"ன்னு என் கையப் புடிச்சுக் கேட்டாங்க.

"பட்டாருங்க. ஆனா தனக்குன்னு ஒண்ணும் கேக்கலீங்க. உங்க பேச்சைக் கேக்கலியேன்னு வருத்தப்பட்டாருங்க"ன்னேன். ரெண்டு பேரும் இதே சன்னதியில உக்காந்து அழுதோம். மூணு வருசங்கழிச்சு நான் இந்தப் படிய மிதிச்சது அவங்களைக் கூட்டிக்கிட்டு வந்தப்பத்தான்.

இப்பப் பொன்னிக்குப் பதினஞ்சு வயசு. காலைச் சாய்ச்சுத்தான் நடப்பா. ஆனா மலையில அவளைத் தொரத்திப் புடிக்க முடியாது. எங்க ஊட்டுல தினமும் விளக்கு எரியுது. அதை வெக்கறப்ப என் குடும்பத்துக்கு மட்டும் நான் கேக்கறதில்ல. யாருன்னே தெரியாத யாராச்சும் ஒருத்தருக்காகவும் கேப்பேன்.

உங்கள்ல சில பேரு என்னாட்டமே ஆத்தாகிட்டக் கோவிச்சுக்கிட்டு, பேச்சை நிறுத்திட்டு உக்காந்திருப்பீங்க. கோவம் தப்பில்லீங்க. அவ தாங்கிக்குவா. குடுக்கக் கையில ஒண்ணுமில்லியேன்னு கூச்சப்படாதீங்க. "என்னால முடியல"ன்னு ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்றப்ப, பக்கத்துல ஒருத்தரு கிடக்கறாரான்னு திரும்பிப் பாருங்க. அவருக்கும் சேர்த்துக் கேளுங்க.