பஞ்சு குடோனில் கத்தும் மோட்டார்

நாளிதழில் நூல் விலைப் பட்டியலுக்குக் கீழே நான்கே வரிகளில் அந்தச் செய்தி இருந்தது. கோயம்புத்தூர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு பழைய பஞ்சு குடோனில் நவீனக் கலைக் கண்காட்சி, இனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும், அனுமதி இலவசம். வெளிநாட்டு நகரங்களில் இப்படி நடக்கும் என்று நூலகத்தில் படித்திருக்கிறேன். சூலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் நடக்கும் என்று நினைத்ததே இல்லை. பொங்கல் விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை அப்பாவை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நம் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகையைப் படிப்பவர்களில் சிலராவது போவீர்கள் என்பதால் நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அப்பா எங்கள் தறிக்கூடத்தை ஒரு நாள் விட்டுவிட்டு வர ஒப்புக்கொண்டது எப்படி என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் காரணம் தெரிந்தது.

"ராட்டினம் இருக்குமா கண்ணு?"

"இருக்காதுங்கப்பா. இது பொருட்காட்சி இல்லீங்க. கலைக் கண்காட்சி."

"டெல்லி அப்பளமாவது போடுவாங்களா?"

அதற்குள் பஸ் சூலூர் எல்லையைத் தாண்டிவிட்டது. நல்லவேளை.

காலை 7.40க்கு ஏறி 8.30க்கு ரயில் நிலையத்தில் இறங்கினோம். பதினெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு மூன்று ரூபாய். அங்கிருந்து நடந்தே பத்து நிமிடம். செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக வரிசையாக நிற்கும் பழைய குடோன்களில் நான்காவது அது. வாசல் பூட்டியிருந்தது. ஏணியில் நின்று பேனர் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், "மூணு மணிக்குத்தானுங்க திறப்பு. இத்தனை நேரத்துலயே வந்துட்டீங்களா? செரி, அந்தக் கயித்தைச் சித்தெ புடிங்க" என்று ஒரே மூச்சில் சொன்னார். நாளிதழில் நேரம் போடவில்லை, நானும் விசாரிக்கவில்லை. ஆனால் அந்தத் தவறால்தான் இந்தக் கட்டுரை கிடைத்தது.

ஏணியில் இருந்தவர் ஒரு பல் டாக்டர். கண்காட்சியை நடத்துவதே அவர்தான். உள்ளே போட்டிருந்த நாற்காலிகள் எல்லாம் அவருடைய கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் 'எச்சில் துப்பாதீர்' என்று எழுதியிருந்தது. ஒன்பது கலைஞர்கள், ஆளுக்கு ஓர் அறை. முதல் அறையில் நூல் சுற்றிய கோன்களை அடுக்கி, நுழைந்து போகும்படி ஒரு குகை. அப்பா குனிந்து போய் ஒரு கோனைத் தொட்டுப் பார்த்து, "நாப்பதாம் நம்பர், நல்ல நூல்தான்" என்றார். அடுத்த அறையில் சாயம் ஏறிய துணிகளை நொய்யல் ஆறு வளைந்து போவதைப் போலவே தரையில் விரித்திருந்தார்கள். நான் நோட்டில் எழுதி எழுதி விரல் வலித்தது.

மூன்றாவது அறையில் ஒரே ஒரு பழைய கிணற்று மோட்டார். பக்கத்துச் சுவரில் இரும்புப் பிடி வைத்த சுவிட்சுப் பெட்டி. வேறு ஒன்றும் இல்லை. அதை இறக்கி மாட்ட வந்திருந்த மெக்கானிக் நாச்சிமுத்து அண்ணன் எங்களைப் பார்த்ததும் சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது. அது ஓடுவதே தெரியவில்லை. அவர் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, ஓடும் மோட்டாரின் முதுகில் செங்குத்தாக நிறுத்தினார். நாணயம் விழவில்லை. அப்பாவே "அடேயப்பா" என்றுவிட்டார்.

அப்போது ஒரு கையில் டீ டம்ளரோடு ஓர் அக்கா உள்ளே வந்தார். பெயர் தேன்மொழி, ஊர் அன்னூர். சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவர். அந்த மோட்டார் அவருடைய படைப்பு. நாணயத்தைப் பார்த்ததும் அப்படியே வாசலோரம் கிடந்த டாக்டரின் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்ணா, சத்தம் எங்கீங்க?"

"நேத்தே நிறுத்திப்போட்டனே அம்மணி. பேரிங் போயிருந்துச்சு. எம்பட கையில இருந்து புதுசு மாட்டிப்போட்டேன். காசு கீசு வேண்டாம்."

"அண்ணா, அந்தச் சத்தந்தானுங்க கண்காட்சியே."

நாச்சிமுத்து அண்ணன் சிரித்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அக்கா விளக்கினார். அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் பேரிங் தேய்ந்து மோட்டார் கத்த ஆரம்பித்தால், யார் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய் ஆஃப் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்துவிடும். சின்ன வயதில் பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட அவர் காது அங்கேதான் இருக்குமாம். அதனால் கத்தும் மோட்டாரைக் கண்காட்சியில் வைத்து, சுவிட்சைக் கைக்கெட்டும் உயரத்தில் மாட்டி, ஒரு வார்த்தைகூட எழுதாமல் விட்டிருக்கிறார். யாராவது ஒருவர் தானாகப் போய் ஆஃப் பண்ண வேண்டும். "ஒருத்தருமே பண்ணலீன்னா, நான் வெறும் பழைய இரும்பைத்தான் கொண்டாந்து வெச்சிருக்கேன்னு அர்த்தம்" என்றார்.

ஒரு சுவிட்சுப் பிடிதான் அந்தப் படைப்பின் முடிவு என்று புரிந்தது. ஆனால் சத்தம் இல்லை. பழைய பேரிங்கை அன்று காலைதான் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தார் நாச்சிமுத்து அண்ணன்.

10.20க்கு நான்கு பேரும் ஓர் ஆட்டோவில் உக்கடத்துக்குக் கிளம்பினோம். இரண்டு கிலோமீட்டர், இருபது ரூபாய். ஆட்டோக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்ல பேரிங்கைக் கழட்டிப்போட்டு கெட்டதை மாட்டறதுக்கு இத்தனை பேரு போறீங்களாக்கும்" என்றார். போகும் வழியெல்லாம் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரும்புக் கடையில் ஒரு தகர டின் நிறைய பேரிங்குகள். அக்காவினுடையதைப் போலவே அதே நம்பர் போட்டவை மட்டும் இருபதுக்கு மேல். நாச்சிமுத்து அண்ணன் தரையில் குத்தவைத்து, ஒவ்வொன்றாக விரலில் மாட்டிச் சுழற்றிக் காதருகே வைத்தார். பிறகு அக்காவின் காதில் வைத்தார். அக்கா இல்லையென்று தலையாட்டினார். அடுத்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கெட்டுப்போனதுல நல்லாக் கெட்டுப்போனதாத் தேடறீங்களாக்கும்?"

"சித்தெ பேசாம இருங்க சாமி, காது கேக்கோணும்" என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

பதினேழாவது பேரிங் சுழலும்போது ஓரிடத்தில் தடுக்கி, கரக்கென்று ஒரு முனகல் முனகியது. அக்காவும் அண்ணனும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். கடைக்காரர் அதற்கு எட்டு ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்த முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

திரும்பி வந்து மோட்டாரைப் பிரித்து மாட்டி முடிக்க 2.35 ஆனது. அண்ணன் வேலையெல்லாம் ஒழுங்காகச் செய்தார், ஆனால் முகம் மட்டும் தெளியவில்லை. சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்க அந்தச் சத்தம். பல்லைக் கடிக்க வைக்கிற, வேறு எதையும் நினைக்க விடாத சத்தம்.

"அம்மணி, ஒரு அட்டையில எழுதி மாட்டிப்போடுங்க. இந்தச் சத்தத்துக்கு நாச்சிமுத்து பொறுப்பில்லைன்னு."

"எழுதினா ஒருத்தரும் ஆஃப் பண்ண மாட்டாங்களேங்ணா."

"எம்பட கை பட்ட மோட்டாரு இப்படிக் கத்துனா நான் நாளைக்கு யாரு தோட்டத்துக்குப் போறது?"

யாரும் தன்னை அந்த மோட்டாரோடு சேர்த்துப் பார்க்காதபடி அண்ணன் வெளி கேட்டுக்குப் போய் நின்றுகொண்டார்.

மூன்று மணிக்குக் கூட்டம் வந்தது. நூல் குகையில் வரிசை நின்றது. மூன்றாவது அறைக்கு வந்தவர்கள் எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மோட்டாரை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருவர் நோட்டில் எதையோ எழுதினார். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு, "இது நம்ம காலத்தோட ஓலம்" என்று நண்பரிடம் சொன்னார். சுவிட்சை யாரும் பார்க்கவே இல்லை. அக்கா தூணோரம் நின்று முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்கே போய் ஆஃப் பண்ணிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் இப்படியே போனது.

4.10க்கு ஓர் அம்மா வந்தார். டாக்டரிடம் பல் வலிக்கு வந்தவராம், கிளினிக் பூட்டியிருக்கவே விசாரித்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். ஒரு கன்னம் வீங்கி, அதைத் துண்டால் தாங்கிக்கொண்டிருந்தார். அறைக்குள் ஒரு காலை வைத்தார். மோட்டாரைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. நேராகச் சுவருக்குப் போய்ப் பிடியைக் கீழே இழுத்துவிட்டார்.

சத்தம் நின்றது. பக்கத்து அறைகளில் பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஏனுங்க, மோட்டாரு இப்படி அலறுது, சாமி கும்புடறாப்பல நிக்கறீங்க? காயில் எரிஞ்சுபோச்சுன்னா யாரு கட்டிக் குடுப்பா?" வீங்கிய கன்னத்தோடு, பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நிற்க, அறையில் இருந்த அத்தனை பேரையும் திட்டினார். அக்காவையும் சேர்த்துத்தான். அக்கா இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

சத்தம் நின்றதும் மோட்டார் எரிந்துவிட்டது என்று நினைத்து நாச்சிமுத்து அண்ணன் கேட்டிலிருந்து ஓடிவந்தார். கையில் ஸ்பானர் இருந்தது. அந்த அம்மா ஸ்பானரைப் பார்த்தார்.

"நீங்கதான் மெக்கானிக்குங்களா? ஒரு பேரிங் பாத்து மாட்டத் தெரியாதுங்களா?"

இத்தனை பேர் முன்னால். காலையிலிருந்து அண்ணன் பயந்தது இதற்குத்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் பெயர் தப்பித்துவிடும். அக்காவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புத்தானுங்க. மாத்திப்போடறேன்."

அந்த அம்மா டாக்டரைத் தேடிப் போனதும், அவரே போய்ப் பிடியை மேலே தள்ளினார். மோட்டார் மறுபடியும் கத்த ஆரம்பித்தது. அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

5.15 பஸ்ஸில் திரும்பினோம். சிங்காநல்லூர் தாண்டும்போது அப்பா, "அந்த ஆளு பெரிய மனுசன்" என்றார். ஒரு படைப்புக்குப் பின்னால் கலைஞர் ஒருவர்தான் இருப்பார் என்று படித்திருந்தேன். இப்போது அதைத் திருத்திக்கொள்கிறேன்.

போகிறவர்களுக்கு: கண்காட்சி இந்த மாதக் கடைசி வரை உண்டு. இனிக் காலை பத்து மணிக்கே திறந்துவிடுகிறார்கள். உள்ளே தண்ணீர் கிடைக்காது, கொண்டு போங்கள். எல்லா அறைகளையும் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். ஓர் ஆளுக்குப் போக வர ஆறு ரூபாய், டீக்கு ஒன்றரை. இதை எழுத அக்காவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் போய் ஆஃப் பண்ணினால் அது கணக்கில் சேராது. தோட்டம் வைத்திருக்கும் யாரையாவது கூட்டிப் போங்கள். அவரிடம் எதையும் சொல்லாமல் முன்னால் விடுங்கள். அவர் யாரைத் திட்டினாலும் குறுக்கே பேசாதீர்கள். திட்டு வாங்குகிறவர் ஸ்பானரோடு நின்றால், பிறகு தனியாகப் போய் அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.