நீச்சல் குளத்து விசில்

நகராட்சி நீச்சல் குளத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் அவர் 'விசில்'தான். குளத்தில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றும் ஆட்களுக்கு அவர் தலைவர். கழுத்தில் தொங்கும் விசிலைத் தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்று அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த விசிலுக்கு ஒரு கதை உண்டு. அவர் பொறுப்புக்கு வந்த புதிதில், தத்தளித்த ஒருவனைக் காப்பாற்ற இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்தும் பாய்ந்தார்கள். நடுத்தண்ணீரில் மண்டையோடு மண்டை மோதி, இருவருக்கும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் தத்தளித்தவனே கரையேறி இவர்களைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்! ஊரே சிரித்தது. அன்றைக்குப் போட்டார் சட்டம்: அவர் விசில் அடித்து, விரல் நீட்டி ஆளைக் காட்டாமல் ஒருத்தன் கால்கூடத் தண்ணீரில் படக்கூடாது. அதற்குப் பிறகு அங்கே ஓர் உயிர் போனதில்லை. அந்தப் பெருமை தலைக்கு ஏறியது, ஏறியதுதான், இறங்கவே இல்லை. தன் சின்ன மகளையும் அங்கேயே நீச்சல் பழகச் சேர்த்துவிட்டார்.

வருஷா வருஷம் பயிற்சி வகுப்புக்கு அழைப்பு வரும். அவர் போக மாட்டார். சரி, தான் போகாவிட்டால் தொலையட்டும், கீழே இருப்பவர்களையாவது அனுப்பக்கூடாதா? அதுவும் கிடையாது.

"தண்ணி மாறிடுச்சா? முங்குற மனுஷன் மாறிட்டானா? அப்புறம் என்னத்தய்யா புதுசா கத்துக்கப் போறீங்க? ஊர் சுத்த ஒரு சாக்கு!"

அவருடைய ஆட்கள் நாலு பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

இந்த வருஷம் பயிற்சியே குளத்தைத் தேடி வந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்கு அவர் வயதில் பாதி இருக்கும்.

"சார், யாராவது ஒருத்தர் முங்குற மாதிரி நடிங்க. இவங்க எப்படிக் காப்பாத்துறாங்கன்னு பார்க்கணும்."

"நானே இறங்குறேம்மா. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள தூக்கிடுவாங்க. நல்லா பார்த்துக்க."

ஆழமான பக்கம் போய்க் கைகாலை உதறினார். நன்றாகத்தான் நடித்தார். ஐயோ, அப்போது பார்த்துத்தானா கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள வேண்டும்! நடிப்பு போய் நிஜமே வந்துவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்து மேலே வந்து பார்த்தால், கரையில் நாலு பேரும் முழங்காலை மடக்கி, பாயத் தயாராக, அவரையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தனும் பாயவில்லை. 'குதிங்கடா பாவிகளா!' என்று கத்த வாயைத் திறந்தார், தண்ணீர்தான் உள்ளே போனது. மறுபடி முங்கினார், மறுபடி வந்தார். அப்படியே நிற்கிறார்கள்!

பாய்ந்தவள் அந்தப் பெண்தான். அவரை இழுத்து வந்து கரையில் போட்டாள்.

இருமி முடித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் செத்துக்கிட்டிருக்கேன், வேடிக்கையாடா பார்க்குறீங்க?"

நால்வரில் மூத்தவனான நெட்டையன் அழாத குறையாகச் சொன்னான். "அண்ணே... விசில் வரலையேண்ணே."

விசில் அவர் நெஞ்சின்மேல் ஈரமாகக் கிடந்தது.

"குளத்தைப் பிரிச்சு ஆளுக்கொரு பக்கம் கொடுத்துடணும் சார். யார் பக்கமோ அவங்க யாரையும் கேக்காம பாயணும்" என்றாள் அந்தப் பெண். "இதை நாங்க சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சே! இங்க யாருக்குமே தெரியாதா?"

அவர் காதில் அது பாதிதான் விழுந்தது. நேற்று அவருக்கு விடுப்பு. நேற்றுதான் சின்ன மகள் முதல்முறையாக ஆழமான பக்கத்தில் நீந்தினாள். வீட்டுக்கு வந்து குதித்துக் குதித்துச் சொன்னாளே!

"டேய்... நேத்து நான் வரலையே. நேத்து பாப்பா முங்கியிருந்தா என்னடா பண்ணியிருப்பீங்க?"

நெட்டையன் மற்ற மூவரையும் பார்த்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"உங்களுக்குத்தான் போன் பண்ணியிருப்போம்ணே."