கியர் லிவரில் தொங்கிய மஞ்சள் பை: மைசூருவிலிருந்து கௌதள்ளிக்கு ஒரு பழைய அம்பாசிடரில்

கியர் லிவர் வழக்கத்தைவிட இரண்டு விரல் அகலம் தாழ்ந்திருந்தது. டீ குடித்துவிட்டு வண்டிக்குத் திரும்பியதும் அதைத்தான் முதலில் பார்த்தேன். அதில் தொங்கிய மஞ்சள் பை அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. இடம் டி. நரசிபுரா, நேரம் காலை 6:10.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் வீடு மைசூரு விஜயநகரில். அப்பா தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஐம்பது வயது தாண்டிய எங்கள் அம்பாசிடரை அவர் வாங்கியபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். கியர் ஸ்டீயரிங்கிலேயே இருக்கிறது என்று யாரும் அதைச் சீண்டவில்லை, அதனால் எங்களுக்குக் கிடைத்தது. பத்தாவதோடு நான் பள்ளியை நிறுத்திவிட்டேன். எழுந்து நின்று பதில் சொல் என்றால் நான் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வண்டி கேள்வி கேட்காது. சத்தம் போடும், அவ்வளவுதான். எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் போதும். கார்பரேட்டரைக் கழற்றித் துடைப்பது, பிளக் பாயின்ட் சரிபார்ப்பது, கிரீஸ் அடிப்பது எல்லாம் அப்படித் தேடிப் போய்க் கற்றவைதான். இப்போது எனக்குப் பத்தொன்பது. லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது.

போன ஆவணியில் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவருக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் கௌதள்ளி. கல்யாண மண்டபமும் அங்கேதான். முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்து. இந்த வண்டியில்தான் போய் இறங்குவேன் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. பெட்ரோல் மட்டும் போட்டால் போதும் என்று அம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் முதல் நாளே வேனில் போய்விட்டார்கள். மாப்பிள்ளையும், அவரை அழைத்துப்போக ஹனூரிலிருந்து வந்திருந்த அவருடைய தாய்மாமாவும்தான் என்னோடு. வெளியூர் போனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வருவார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல்.

சரியாக ஐந்து மணிக்குக் கிளம்பினோம். இந்த மாதிரி வண்டியை ஓட்டாதவர்களுக்காக ஒரு விஷயம். ஸ்டீயரிங் தண்டின் இடது பக்கம் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதுதான் கியர். எங்கள் வண்டியில் அதை நம் பக்கம் இழுத்து மேலே தூக்கினால் ஒன்று, கீழே இறக்கினால் இரண்டு. இழுக்காமல் மேலே தூக்கினால் மூன்று, கீழே நான்கு. தரையில் கியர் இல்லாததால் முன் சீட் பெஞ்சு மாதிரி ஒரே நீளம், மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கியர் மாற்ற ஸ்டீயரிங்கிலிருந்து கையை அதிகம் நகர்த்த வேண்டாம். விரல் நுனியால் மூன்றிலிருந்து நான்குக்கு இறக்கும்போது 'ளொக்' என்று மெத்தென்ற ஒரு சத்தம் வரும். அதைக் கேட்பதற்காகவே நான் தேவையில்லாமல் கியர் மாற்றியிருக்கிறேன்.

டி. நரசிபுரா வரை 38 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஐம்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. கதவு மூலையில் இருக்கும் சின்ன ஜன்னல் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் காற்று நேராக முகத்துக்கு வரும், ஏசி எல்லாம் வேண்டாம். பின்னால் மாப்பிள்ளை பட்டு வேட்டி கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் மாமா, மடியில் மஞ்சள் பை. உள்ளே தாலி, மஞ்சள், வெற்றிலை பாக்கு, இரண்டு தேங்காய். டீக்கு நிறுத்தினோம். திரும்பி வந்து பார்த்தால் பை கியரில்.

"தூங்கிட்டன்னா மடியிலிருந்து விழுந்துரும் கண்ணு. கீழ வெக்கவும் கூடாது" என்றார் மாமா. "இதுக்குன்னே ஒரு கொக்கி வெச்சிருக்கறாம் பாரு. அந்தக் காலத்துக்காரன் விவரமானவன்."

அது கியர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இஞ்சினைக் கிளப்பினேன். வழியெல்லாம் பைக்காதுக்கு அடியில் விரலை விட்டுத்தான் கியர் மாற்றினேன். தாலிப் பை ஆடாமல் நான் பிடித்துக்கொள்வதாக மாமா நினைத்துவிட்டார்.

"பாத்தியா மாப்ள, எத்தன பொறுப்பு. வளைவுல திரும்பறப்பெல்லாம் பையப் புடிச்சுக்குது" என்றார். இதற்கு மேல் எப்படிச் சொல்வது? பத்து நிமிஷத்தில் அவர் தூங்கியும்விட்டார்.

கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் மணி 7:05. ஒரு பஸ் திடீரென்று வெளியே திரும்பியது. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன். பை ஆடி லிவரை எதிர்ப் பக்கம் இழுத்தது. 'டக்' என்று ஒரு சத்தம். லிவர் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கிளட்சை மிதித்தபடி நடுரோட்டில் நிறுத்தி இஞ்சினை அணைத்தேன்.

என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். ஸ்டீயரிங் தண்டின் அடியில், பானெட்டுக்குள், இரண்டு சின்ன இரும்புக் கைகள் இருக்கின்றன. ஒரு கை முதல் இரண்டு கியருக்கு, மற்றது அடுத்த இரண்டுக்கு. ஒன்று நடுவுக்கு வருவதற்குள் மற்றதை இழுத்துவிட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். அங்கே இருக்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்திருந்தால் சீக்கிரம் பூட்டும். எங்கள் புஷ் தேய்ந்துதான் இருந்தது. அதோடு இரண்டு தேங்காய் எடை.

பின்னால் ஹாரன் ஆரம்பித்தது. "ஏனம்மா, காடி கெட்டோய்தா?" என்று ஆட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டினார். வண்டி கெட்டுப்போச்சா என்று கேட்கிறார். அதற்குள் மாமா இறங்கி நாலு பேரைக் கூப்பிட்டுவிட்டார். "தள்ளுங்க தம்பி, தள்ளுனா ஸ்டார்ட் ஆயிரும். முகூர்த்தத்துக்குப் போகோணும்."

பூட்டிய கியரோடு தள்ளி ஸ்டார்ட் செய்தால் பல் உடைந்துவிடும். அப்புறம் கௌதள்ளியும் இல்லை, வண்டியும் இல்லை. "தள்ளாதீங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. நாலு பேரும் டிக்கியில் கை வைத்துவிட்டார்கள்.

"தள்ளபேடி!"

தள்ளாதீர்கள் என்று கன்னடத்தில் கத்தியது நான்தான். டீக்கடையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். என் காது சுட்டது. ஆனால் கைகள் எல்லாம் வண்டியை விட்டு விலகின.

"டாக்சி புடிச்சுரலாமா மாப்ள?" என்றார் மாமா மெதுவாக.

"பத்து நிமிஷம் கொடுங்க மாமா. முதல்ல அந்தப் பையை எடுங்க. அது கொக்கி இல்ல, கியர்."

மாமா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு, அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். நான் பானெட்டைத் திறந்தேன்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிளட்சை மிதித்து லிவரை நடுவில் பிடிக்க, இன்னொருவர் கீழே அந்த இரும்புக் கைகளை நேராக்க வேண்டும். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அவர் ஓட்டுவது ஆட்டோமேட்டிக் கார்.

"எதும்மா கிளட்ச்? மூணு இருக்கே இங்க."

"இடது ஓரம். அமுக்குங்க. விடாதீங்க."

"முகூர்த்தம் வரைக்கும் இப்படியேவா?"

"லிவரை மெதுவா மேல. போதும். அப்படியே."

பானெட்டுக்குள் தலையை விட்டேன். இரும்புக் கைகள் சூடாக இருந்ததால் துணி சுற்றிப் பிடித்தேன். ஒன்று உடனே வந்தது. மற்றது அசையவில்லை. ஸ்பேனரால் தட்டலாம், ஆனால் வளைந்துவிட்டால் முடிந்தது. உள்ளங்கையை வைத்து, மாப்பிள்ளையிடம் லிவரை நூலளவு ஆட்டச் சொல்லி, விட்டு விட்டு அழுத்தினேன். ஏழாவதோ எட்டாவதோ தடவை 'ளொக்' என்றது. இரண்டு கைகளும் ஒரே கோட்டில் நின்றன. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்த ஒரு சாமான், வெறும் கையால் தடவிக் கொடுத்தால் கேட்கிறது. அந்த இடத்தில், அத்தனை பேர் பார்க்க, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புஷ் இருந்த இடத்தில் கொஞ்சம் கிரீஸ் வைத்துப் பானெட்டை மூடினேன். மணி 7:40. ஆட்டோக்காரர் பஸ்ஸை மறித்து நின்று எங்களுக்கு வழி விட்டார்.

ஹனூர் 24 கிலோமீட்டர், 8:20. கௌதள்ளி இன்னும் 16 கிலோமீட்டர், 8:52. கடைசி மேட்டில் இரண்டாவது கியரில் ஏறியபோது மூன்று பேருமே மூச்சு விடவில்லை. மாமா வழியில் கண்ணே மூடவில்லை, பையும் மடியை விட்டு நகரவில்லை. நாதஸ்வரம் கேட்டதும் மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். இடது முழங்காலுக்குக் கீழே வேட்டியில் கிரீஸ். தாலி கட்டும்போதும் அது இருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் மாமா ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டினார். "இந்த அம்மிணி இருக்குதே, கொள்ளேகால் நடுரோட்டுல என்னய அதட்டிப்போடுச்சு." நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். இரண்டாவது முறை பாயசம் அவரே கொண்டுவந்து ஊற்றினார்.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்கு: மைசூருவிலிருந்து கௌதள்ளி எங்கள் மீட்டரில் 110 கிலோமீட்டர். போய் வர 21 லிட்டர், ஏறத்தாழ 2,170 ரூபாய். நவீன வண்டிக்கு மூன்று மணி நேரம் போதும், பழைய வண்டிக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் லிவர் புஷ்ஷைப் பாருங்கள், கிரீஸ் வையுங்கள். லிவரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். நடுவில் ஒரு நொடி நிறுத்தி மாற்றினால் பூட்டிக்கொள்ளாது. மத்தியான வெயிலில் மேடு ஏறினால் இஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி நின்றுவிடும். அதன் மேல் சுற்ற ஈரத்துணி ஒன்றும் இரண்டு பாட்டில் தண்ணீரும் இருந்தால் சமாளிக்கலாம். லிவர் பூட்டிக்கொண்டால் யாரையும் தள்ள விடாதீர்கள். எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். நான் டி. நரசிபுராவிலேயே சொல்லியிருந்தால் கொள்ளேகாலில் கத்தியிருக்க வேண்டாம்.

சாயங்காலம் மாப்பிள்ளையும் பெண்ணும் என் வண்டியிலேயே மைசூருவுக்குத் திரும்பினார்கள். பெண் முன் சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கைப்பையோடு அவர் கை நேராகக் கியருக்குத்தான் போனது. "அது கியருங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பையை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். நானும் பார்த்தேன். உண்மையிலேயே அந்த வண்டியில் ஒரு பையை மாட்ட வேறு இடமே இல்லை.

மறுநாள் காலை புது புஷ் போட்டேன். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில், இடது ஓரமாக, ஒரு பித்தளைக் கொக்கியைத் திருகினேன். இரண்டு தேங்காயைப் பையில் போட்டு அதில் மாட்டிவிட்டு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.