கால் வீங்கிய எட்டாம் மாதம்

புதுச்சேரிப் பக்கம் உறுவையாறு என்ற ஊரில் நான் வாழ்க்கைப்பட்டது கரும்பு போடுகிற குடும்பம். மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது, எட்டாம் மாதம் என் கால் இரண்டும் வீங்கின. கொலுசு ஏறவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் கோத்துக்கொள்வது சகஜம்தான் என்றார் என் மாமியார்.

எனக்கு மட்டும் பயம். குருவிநத்தத்தில் இருந்த என் அக்காவுக்கும் பிள்ளை வயிற்றில் இருந்தபோது இப்படித்தான் வீங்கியது. தலைவலி என்று படுத்தவளுக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. காத்து கருப்பு என்று கையில் இரும்பைக் கொடுத்துவிட்டுப் பூசாரிக்கு ஆள் அனுப்பினார்கள். பூசாரி வந்தார். அக்கா கண் திறக்கவில்லை. பிள்ளையும் அவளோடு போயிற்று.

எனக்குக் கால் வீங்கிய வருஷம்தான் பிரெஞ்சு சர்க்கார் வில்லியனூரில் ஒரு மருத்துவச்சியை வைத்திருந்தது. புதுச்சேரியில் படித்த தமிழ்ப் பெண். சந்தைக்குப் போகிற சாக்கில் வீட்டுக்காரரோடு அவரிடம் போனேன். என் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி விளக்கில் சூடு காட்டினார். அது முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரிந்தது. அக்காவின் கதையைக் கேட்டுவிட்டு, அது பேயில்லை, இதே நோய்தான் என்றார். உப்பை நிறுத்திவிட்டு உடனே புதுச்சேரி ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கச் சொன்னார்.

வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. வெள்ளைக்காரன் கையில் பிள்ளை பெறுவதா, வயிற்றில் கத்தியை வைத்துவிடுவார்கள் என்றெல்லாம் மாமியார் சொன்னார். அதுவரை அவர் எதிரே நான் குரல் எழுப்பியதில்லை.

“அத்தை, எங்க அக்காவ வூட்லதான் வச்சிப் பாத்தாங்க. இன்னா ஆச்சி? நான் இங்க சாவறதுக்கு வர்ல.”

அவர் குனிந்து என் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு மகனிடம், “வண்டியப் பூட்டுடா. வைக்கோல் நெறையப் போடு, குலுங்கக் கூடாது,” என்றார். தானும் ஏறி உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் ஜன்னலைச் சாத்தி, சத்தமில்லாத அறையில் படுக்கவைத்தார்கள். பால்தான் ஆகாரம். அங்கேயே ஒருநாள் காலையில் எனக்கும் இழுத்தது. எனக்கு நினைவில்லை, மாமியார் சொல்லித்தான் தெரியும். ஒரு நர்ஸ் துணி சுற்றிய கரண்டியைப் பல்லிடுக்கில் வைத்து, என்னை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாளாம். டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டாராம். இழுப்பு நின்றது. அன்று மத்தியானமே ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். நான் கண் விழித்தபோது மாமியாரின் மடியில் என் மகள் வீறிட்டுக்கொண்டிருந்தாள். அக்காவை நினைத்து அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன்.

திரும்பும்போது மாமியார் வண்டியை வில்லியனூர் வழியாக ஓட்டச் சொன்னார். மருத்துவச்சியின் வாசலில் இறங்கி, பேத்தியை அவர் கையில் கொடுத்தார். கும்பிட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டார்.

ஊரில் மாமியாரைப் பிடிக்க முடியவில்லை. கண்ணாடிக் குழல் கதையைத் தெருவெல்லாம் சொன்னார். அடுத்த சந்தை நாளில், மாசமாக இருந்த, வீக்கமே இல்லாத பக்கத்து வீட்டு மருமகளைக்கூடக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். “காச்சிப் பாத்துட்டு வந்துடலாம், வாடி.”

எனக்கு அப்புறம் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். நான் அந்தத் தெருவில் இருந்த காலம்வரை, இழுப்பு வந்து ஒரு பெண்ணும் சாகவில்லை.