இடது பக்கக் கம்பி

எங்க மதினி நாச்சியாருக்கு எலி மேய்க்கிற உத்தியோகம். சிரிக்காதீங்க, மாசாமாசம் சம்பளம் உண்டு. திருவனந்தபுரத்துல மருந்து ஆராய்ச்சி செய்யுத இடத்துல கூடு கழுவி, தீனி வச்சு, ஊசிக்கு எலியைப் பிடிச்சுக் கொடுக்கணும். எழுபத்தி நாலுல சேர்ந்தா.

அங்க ஒரு பெட்டி. உள்ள இடது பக்கம் ஒரு கம்பி, வலது பக்கம் ஒரு கம்பி. உறக்க மருந்து ஊசி போட்ட நாள்ல இடதை அமுக்கினாத்தான் தீனி விழும். வெறும் உப்புத்தண்ணி ஊசின்னா வலது. வெளிய வேற அடையாளம் கிடையாது. தன் உடம்பு உள்ள எப்படி இருக்குன்னு பார்த்துத்தான் எலி அமுக்கணும். நல்லாப் பழகின பிறகு, ஆராய்ச்சி செய்யுத ஸ்ரீகண்டன் சார் உறக்க மருந்துக்குப் பதிலாச் சாராயச் சத்தை ஏத்திப் பார்த்தார். எலி இடதுக்கே போச்சு. "அதுக்கு ரெண்டும் ஒண்ணுபோலத் தோணுது, கேட்டோ"ன்னாராம். மதினி வந்து சொன்னப்போ, "எலிக்கு வந்த வாழ்வைப் பாரு"ன்னு நான் சிரிச்சேன்.

அப்போ மதினி கரமனையில என் வீட்டுலதான் இருந்தா. எங்க அண்ணன் லிங்கம் ஆரியசாலைக் கடைத்தெருவுல மூட்டை தூக்குதவன். சாயங்காலம் ஆனா நேரே சாராய ஷாப்பு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, "குடியை விட்டாத்தான் வருவேன்"னு துணிப்பெட்டியோட கிளம்பி வந்துட்டா.

அண்ணன் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால தேங்காய் உடைச்சுச் சத்தியம் பண்ணினான். நிசமாவே விட்டான். வாயில வாடை இல்லை, சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து சாதுவா உட்கார்ந்திருப்பான். இன்னும் இவளுக்கு என்ன வேணும்னு எனக்கு எரிச்சலா வந்துச்சு. அவளுக்கும் போக ஆசைதான், பெட்டியைக் கட்டிட்டா.

கிளம்புத அன்னைக்கு, கூட்டிட்டுப் போக வந்த அவன் கழட்டிப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தா. பை நிறைய உறக்கக் குளிகை.

"மருந்துக்கடையில வாங்கினதுதானே. சத்தியத்தை மீறலியே"ன்னான் அண்ணன்.

நானும், "மருந்து எப்படி மதினி குடியாகும்?"னேன்.

மதினி சத்தம் போடலை. அவன் முன்னால உட்கார்ந்தா. "சாராயம் குடிச்சா உள்ள எப்படி இருக்கும், குளிகை போட்டா எப்படி இருக்கும்? அதை மட்டும் சொல்லுங்க."

அவனைத் திட்டாத ஆள் கிடையாது. நான் செருப்பைக்கூட எடுத்திருக்கேன். இதை ஒருத்தரும் கேட்டதில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான் நாச்சியா. அந்த நேரம் ஒண்ணும் உறைக்காது. அதுக்குத்தான்"ன்னான். சொல்லும்போதே அழுதுட்டான்.

போச்சு, இனி இவ போகமாட்டான்னு நான் பெட்டியை உள்ள எடுத்து வைக்கப் போனேன். மதினி என் கையில இருந்து வாங்கிக்கிட்டா.

"இன்னைக்கா போறே?"ன்னேன்.

"இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் உள்ளதைச் சொல்லியிருக்காவ"ன்னா. குளிகையைச் சட்டுனு நிறுத்தினா வலிப்பு வருமாம், டாக்டர் பார்த்துக் கொஞ்சங்கொஞ்சமாக் குறைக்கணுமாம்.

ரெண்டுபேரும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனாங்க. வீட்டுக்கு அப்புறம்தான்.