கயாக்கில் நான் போட்ட ஓட்டை

நானும் ஸ்டீபன் அண்ணனும் சேர்ந்து வாங்கிய, இருவர் துடுப்பு போடும் கயாக் படகு அது.

மலிவில் எந்த மீன் காட்டும் கருவி வாங்கலாம் என்று மூன்று வாரம் அவரைத்தான் மெசேஜில் நச்சரித்தேன். கருவி வந்ததும் அவசரம். ஒரு வீடியோவைப் பார்த்து, அதன் சென்சாரைப் பொருத்த நானே கயாக்கின் அடியில் துளை போட்டுவிட்டேன்.

இன்று காலை ஜெலுத்தோங் கரையில் அண்ணன் கயாக்கைக் கவிழ்த்து, அந்த இடத்தை விரலால் தடவினார்.

"சென்சார உள்ளுக்குள்ளயே ஒட்டினா போதும் தம்பி, ஓட்டையே வேண்டாம்லா. எல்லாத்தையும் கேட்ட, இத மட்டும் கேக்கலையே."

"சாரிண்ணே."

"பரவால்ல, நீ போயிட்டு வா" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடலில் கருவி அருமையாக வேலை செய்தது. திரையில் மீன் கூட்டமே தெரிந்தது. காட்டத்தான் முன்சீட்டில் ஆள் இல்லை.

துளையைச் சுற்றிப் பூசிய சிலிக்கான் பசை வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் கசியவில்லை. அண்ணனுக்கு அனுப்பும் மெசேஜைத்தான் நாலு முறை எழுதி அழித்துவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?