முகம் பார்த்துச் சொன்ன ‘ஆ’

மருத்துவமனையின் நரம்புப் பரிசோதனை அறையில் அவளுக்குக் கரண்டம்மா என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாக, வருகிறவர்களின் கை கால்களில் துளித்துளியாக மின்சாரம் கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாகச் சேதி சொல்கிறது என்று அளந்துகொண்டிருக்கிறாள். இந்தப் பெயர் வீட்டில் தெரியாது. தெரிந்தால் மின்வெட்டு வரும்போதெல்லாம் கணவர் அவளைத்தான் விசாரிப்பார்.

அந்த அறையில் மின்விசிறி ஓடாது. காற்றுப் பட்டால் தோல் குளிரும். தோல் குளிர்ந்தால் நரம்பு மந்தமாகி அளவு தப்பும். அதனால் எப்போதும் புழுக்கம்தான். கைகள் சில்லிட்டிருந்தால் முதலில் வெந்நீர்த் தொட்டியில் வைக்கச் சொல்வாள். பிறகு பேனாவால் புள்ளி, நாடாவால் அளவு, பசை, மின்சாரம், கடைசியில் பசையைத் துடைப்பது. நாளுக்குப் பத்துப் பேர். மூன்று மணிக்கு மேல் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

முழங்கால் அப்படிக் கெஞ்சத் தொடங்கிய நேரத்தில்தான் அந்தத் தாய் தன் இரண்டு பிள்ளைகளுடன் வந்தாள். பரம்பரையாக வலி தெரியாத குடும்பங்களை ஆராயும் டாக்டர் அனுப்பியிருந்தார். பத்தொன்பது வயது மகனுக்குப் பிறந்ததிலிருந்தே வலி என்றால் என்னவென்று தெரியாது. பல் முளைத்த வயதில் கடித்துக்கொண்டதில் நாக்கின் நுனி போயிருந்தது. விரல்களில் பழைய தீக்காயத் தழும்புகள். அவன் வாசலில் காலணியைக் கழற்றியதும், தாய் அதைக் கவிழ்த்து உதறி, முள்ளோ கல்லோ இருக்கிறதா என்று உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்தாள். அந்த வீட்டில் அது மூச்சு விடுவதைப் போல.

மகளுக்கு ஏழு வயது. அவளுக்கும் அது உண்டா என்பதுதான் கேள்வி.

“இவளுக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது மேடம். ஊசி போட்டா ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி கத்துவா. இவன் மாதிரி ஊமைக் கோட்டான் இல்ல” என்றாள் தாய்.

“கத்தாம இருந்ததுக்கு அப்ப சமத்துப் பிள்ளைன்னு கொஞ்சினியேம்மா?” என்றான் மகன்.

“கொஞ்சினேன். நீ கணுக்கால ஒடச்சுக்கிட்டு மூணு நாள் பந்து விளையாடினே.”

கரண்டம்மா தொட்டித் தண்ணீரில் தன் முழங்கையை நனைத்துப் பார்த்த பிறகே சிறுமியின் கைகளை அதில் வைத்தாள். மின்சாரப் பரிசோதனை சீக்கிரம் முடிந்தது. எல்லாம் சரியாகவே இருந்தது. அண்ணனுக்கும் அப்படித்தான் வந்திருந்தது. இந்தக் கருவி தொடுதலைச் சுமக்கும் பெரிய நரம்புகளை மட்டும்தான் பார்க்கும். வலியைச் சுமப்பவை நூலைவிட மெல்லியவை. அவற்றைப் பற்றி நோயாளிதான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அதற்காகத்தான் ஊசிப் பரிசோதனை. கூர்முனை ஆறு தடவை, மழுங்கிய முனை நான்கு தடவை. கண்ணைக் கட்டிவிட்டுச் செய்வதுதான் முறை. “இருட்டு வேணாம் ஆன்ட்டி” என்று சிறுமி உதட்டைப் பிதுக்கினாள். சமாதானம் பேசக் கரண்டம்மாவுக்குத் தெம்பில்லை. சிறுமியின் மடிமேல் ஓர் அட்டையை நிறுத்திக் கால்களை மட்டும் மறைத்தாள்.

பத்தும் சரி. கூர்முனை பட்டபோதெல்லாம் “ஆ!”, மழுங்கிய முனைக்கு “சும்மா தொடுது.”

“போதும் மேடம், இந்த ஒண்ணு போதும்” என்று தாய் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். பத்தொன்பது வருடத்து அசதி அப்படியே முகத்தில் இறங்கியது.

கரண்டம்மா தாளை நிரப்பினாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க” என்று மகன் தயங்கினான். “நீங்க குத்துறதுக்கு முன்னாடியே உங்க மூஞ்சி சுளிக்குது. கூரா இருந்தா மட்டும்.”

“அதனால?”

“சின்ன வயசுல நான் அப்படித்தான் சமாளிச்சேன். எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சியப் பாத்துட்டு ‘ஆ’ன்னுடுவேன்.”

“டேய், வாய மூடு” என்றாள் தாய், கண்ணைத் திறக்காமலே.

“அண்ணன்தான் எனக்கும் சொல்லிக் குடுத்தான்” என்றாள் சிறுமி பெருமையாக. “அழலைன்னா நர்ஸ் எல்லாம் கூடி நின்னு வேடிக்கை பாப்பாங்களாம்.”

வெளியே இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். தாயின் கண்கள் இப்போது திறந்திருந்தன. அவை தாளையே பார்த்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கரண்டம்மாவுக்கு அந்த ஆசை வராமல் இல்லை. ஆனால் அவள் பார்வை வெந்நீர்த் தொட்டியில் போய் நின்றது. இந்தத் தாளை நம்பி இந்தக் குழந்தையை அடுப்படியில் தனியாக விட்டுவிடுவார்கள்.

“இன்னொரு தடவை பாத்துடலாம்மா. தப்பு என்னோடது.”

இந்தத் தடவை அட்டையைத் தன் முகம் மறையும் அளவுக்கு உயர்த்தி, அதைப் பிடித்துக்கொள்ளும்படி மகனிடம் சொன்னாள்.

“தொடுது.” “தொடுது.” மூன்றாவது தடவை பதில் வரச் சற்றுத் தாமதமானது. “ஆன்ட்டி, உங்க மூஞ்சி தெரியலையே?”

“பரவால்ல கண்ணு. காலுக்கு என்ன தெரியுதோ அத மட்டும் சொல்லு.”

“தொடுது.” பத்தாவது தடவை வரை அதுவேதான். கூர்முனை பட்ட இடத்தில் கடுகளவு ரத்தம் துளிர்த்திருந்தது. கரண்டம்மா அதைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

“ஆறுல எத்தனை மேடம்?”

“ஒண்ணுகூட இல்லம்மா.”

தாய் அழவில்லை. “சரி” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் “சரி” என்றாள். மகன் அட்டையை இன்னும் கீழே வைக்காமல் நின்றான். “நான் சொல்லாம இருந்திருக்கலாமோம்மா?”

“நீ சொல்லலைன்னா அடுப்பு சொல்லியிருக்கும்டா.”

பழைய தாளைக் குறுக்கே அடித்துவிட்டு, புதிய தாளில் கையெழுத்துப் போட்டு, அடுத்தவரைக் கூப்பிடக் கரண்டம்மா வாசலுக்கு வந்தாள். தாய் அங்கே தரையில் குந்தியிருந்தாள். மகனின் காலணிகளைத் தடவிப் பார்த்து ஓரமாக வைத்தாயிற்று. இப்போது கையில் இருந்தவை சிறுமியின் காலணிகள். கை உள்ளே நுழையவில்லை. இரண்டு விரல்களை மட்டும் விட்டு, நுனிவரை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது காலணியும் முடியும்வரை கரண்டம்மா யாரையும் கூப்பிடவில்லை.